வீட்டுக்கு ஒரு லேப்டாப்: வேலூர் வெயிலையும் கையிருப்பையும் பார்த்து வாங்குவது எப்படி?

டிஎன்இஏ கவுன்சலிங், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பட்டா சிட்டா, ஜிஎஸ்டி தாக்கல், காலேஜ் ப்ராஜெக்ட், வெளிநாட்டில் இருக்கும் மகனோடு வீடியோ கால். ஒரு சாதாரண வீட்டில் லேப்டாப்புக்கு இருக்கும் வேலை பெரும்பாலும் இவ்வளவுதான். இதற்கெல்லாம் எழுபதாயிரம் ரூபாய் மெஷின் தேவையில்லை. அதே சமயம், இருபதாயிரத்துக்குக் கிடைக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் இரண்டாவது வருஷமே அது பீரோ மேல் ஏறிவிடும். வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கத்துக் குடும்பங்கள் 30,000 முதல் 45,000 ரூபாய்க்குள் ஐந்தாறு வருஷம் உழைக்கும் லேப்டாப்பை எப்படிப் பார்த்து எடுக்கலாம் என்று படிப்படியாக எழுதுகிறேன்.

எல்லாப் படிக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு: வாங்கிய பிறகு மாற்ற முடியாத பாகங்களில் காசைப் போடுங்கள், மாற்ற முடிந்தவற்றில் மிச்சம் பிடியுங்கள். ப்ராசஸர் (லேப்டாப்பின் மூளை), திரை, கீபோர்டு, கீல், காற்று போகும் அமைப்பு எல்லாம் கடைசி வரை அதே லேப்டாப்போடு இருப்பவை. ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் பிறகு பெரிதாக்கலாம். சில மாடல்களில் வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகமான ரேமையும் கூட்டலாம். மென்பொருளில் பாதி இலவசமாகவே கிடைக்கிறது. விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பதோ 'பேக் ஃப்ரீ, மவுஸ் ஃப்ரீ, 512 ஜிபி'. அதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

படி 1: யார் உட்காரப் போகிறார்கள்?

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். பி.காம் படிக்கும் மகளுக்கு எக்செல், டேலி, ஆன்லைன் வகுப்பு. ஒன்பதாவது படிக்கும் பையனுக்கு யூடியூப், கொஞ்சம் பைத்தான். அப்பாவுக்குக் கடைக் கணக்கு, ஜிஎஸ்டி. இப்படி எழுதிப் பார்த்தாலே பல கேள்விகளுக்கு விடை வந்துவிடும்.

டேலி வேண்டும் என்றால் விண்டோஸ் கட்டாயம். விண்டோஸுக்குப் பதில் கூகுளின் க்ரோம் ஓஎஸ் ஓடும் க்ரோம்புக்கில் டேலி ஓடாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுவதற்குச் சாதாரண அகல யூஎஸ்பி துளை வேண்டும், டைப்-சி மட்டும் உள்ள மெல்லிய மாடல் அப்பாவுக்குத் தொல்லை. வீட்டில் யாரும் வீடியோ எடிட்டிங்கோ கேமோ கேட்கவில்லை என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள மாடலை எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம். விலை, எடை, சூடு மூன்றும் கூடும். இன்ஜினியரிங் சேரும் பிள்ளைக்கு என்றால் மட்டும் பொறுங்கள். மெக்கானிக்கல், சிவில் மாணவர்களுக்குக் கேட் (CAD) என்னும் கணினி வரைபட மென்பொருள் தேவைப்படும். எந்தப் பாடப்பிரிவு, என்ன மென்பொருள் என்பதைக் கல்லூரியில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வீடு முழுக்க பிரவுசரிலேயே முடியும் வேலை என்றால் க்ரோம்புக் மோசமில்லை. 2021 முதல் வெளிவந்த மாடல்களுக்குப் பத்து வருஷம் அப்டேட் தருவதாகக் கூகுள் 2023-இல் அறிவித்திருக்கிறது. அந்தப் பத்து வருஷம் மாடல் வெளிவந்ததிலிருந்து ஓடும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. எந்த வருஷம் வரை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: புதிது தேவையா என்று முதலில் பாருங்கள்

தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. அதில் வந்த லேப்டாப் ஒன்று இன்னும் பல வீடுகளில் பரணில் இருக்கிறது. அதில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தை ஏற்றினால், தட்டச்சு பழகவும் பாட வீடியோ பார்க்கவும் பிள்ளைக்குப் போதும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பழைய விண்டோஸ் ஓடும் மெஷினில் பாங்க் வேலை செய்யாதீர்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு மீண்டும் சாதனம் தரும் திட்டத்தை அரசு 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் பேருக்கு என்று சொல்லப்பட்டது. உங்கள் பிள்ளை அரசுக் கல்லூரியில் படிக்கிறார் என்றால், காசை எடுப்பதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். வேறு யாருக்கோ வந்த அரசு லேப்டாப்பை விலைக்கு வாங்குவது மட்டும் வேண்டாம். அது ஒரு மாணவருக்குப் படிக்கக் கொடுத்தது, விற்கக் கொடுத்ததல்ல.

படி 3: ப்ராசஸர்

பணம் போக வேண்டிய முதல் இடம் இது. பெயரில் ஏமாறுவதும் இங்கேதான் அதிகம்.

இன்டெல் பக்கம் பார்ப்போம். 'ஐ3' என்ற இரண்டு எழுத்துக்கு மட்டும் எந்த அர்த்தமும் இல்லை. அதன் பின்னால் வரும் எண்தான் பேசுகிறது. ஐ3-1115ஜி4 பதினோராம் தலைமுறை, அதில் இரண்டே கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிதான் கோர்). ஐ3-1215யூ பன்னிரண்டாம் தலைமுறை, ஆறு கோர். பெயர் ஒன்றுதான், வேகத்தில் பெரிய வித்தியாசம். வீட்டு வேலைக்கு 1215யூ அல்லது 1315யூ தாராளமாகப் போதும். 2024-இலிருந்து இன்டெல் 'ஐ'யை எடுத்துவிட்டு 'கோர் 3', 'கோர் 5' என்று பெயர் வைத்திருக்கிறது. கோர் 3 100யூ என்பதும் ஆறு கோர் உள்ள இதே ரகம். ஐ3-என்305 என்று இன்னொன்று உண்டு. எட்டு கோர் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். எட்டுமே மின்சாரம் மிச்சப்படுத்தும் சிறிய கோர்கள். குறைந்த விலைக்குக் கிடைத்தால் எடுக்கலாம், 1215யூ விலை சொன்னால் எடுக்க வேண்டாம்.

செலரான் என்4020, என்4500 இரண்டிலும் இரண்டு கோர்தான். இவற்றைப் புதிதாக வாங்கச் சொல்லி யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கூகுள் மீட் ஓடும்போதே இன்னொரு பக்கம் பிடிஎஃப் திறந்தால் மூச்சு வாங்கும். நான்கு கோர் உள்ள என்100 பரவாயில்லை. பாட்டிக்கு சீரியல், பேரனுக்குப் பாடம் என்ற அளவுக்குச் சரி.

ஏஎம்டி பக்கம் வந்தால், 7000 வரிசையில் நான்கு இலக்க எண்ணின் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். முதல் இலக்கம் எந்த வருஷத்து வரிசை என்பதைச் சொல்லும். மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். ரைசன் 5 7520யூ-வில் மூன்றாவது இலக்கம் 2, அதாவது ஜென் 2 என்னும் பழைய வடிவமைப்பு, நான்கு கோர். ரைசன் 5 7530யூ-வில் அது 3, ஜென் 3, ஆறு கோர். எண்ணில் பத்து கூடியிருப்பதைப் பார்த்துச் சின்ன வித்தியாசம் என்று நினைத்துவிடுவோம். உள்ளே இரண்டும் வேறு வேறு சிப். இன்னொன்றும் கவனியுங்கள்: 7320யூ, 7520யூ உள்ள லேப்டாப்புகளில் ரேம் எப்போதும் போர்டிலேயே ஒட்டித்தான் வரும். அந்தச் சிப் ஏற்கும் ரேம் ரகமே அப்படி. அதனால் 8 ஜிபியோடு வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான். பழைய பெயராகத் தெரிந்தாலும் 5500யூ, 5625யூ இரண்டிலும் ஆறு கோர். ஸ்டாக் இருந்து நல்ல விலைக்கு வந்தால் தயங்காமல் எடுங்கள்.

படி 4: ரேம்

4 ஜிபி வேண்டவே வேண்டாம். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி குறைந்தபட்சத் தேவை என்று மைக்ரோசாஃப்ட் எழுதியிருப்பது விண்டோஸ் ஏறுவதற்கான அளவு. அதற்கு மேல் நாம் வேலை செய்ய வேண்டும். இன்று 8 ஜிபி குறைந்த அளவு, 16 ஜிபி நிம்மதி. அந்த 8 ஜிபியிலும் ஒரு பங்கைக் கிராபிக்ஸ் எடுத்துக்கொள்ளும்.

அளவை விட முக்கியம், பிறகு கூட்ட முடியுமா என்பது. கடையில் இதைக் கேட்டால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"தம்பி, இதுல ரேம் போட தனி ஸ்லாட் இருக்கா, இல்ல போர்டுலயே ஒட்டினதா?"

"எட்டு ஜிபி போதும் சார், வீட்டு யூஸுக்குத்தானே."

"போதுமா போதாதான்னு நான் பாத்துக்கறேன்பா. ஸ்லாட் இருக்கான்னு மட்டும் சொல்லு."

"இருங்க சார், உள்ள கேட்டுட்டு வரேன்."

உள்ளே போய்க் கேட்க வேண்டியதில்லை, டெமோ லேப்டாப்பிலேயே பார்த்துவிடலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்', அதற்குள் 'மெமரி'. கீழே வலது பக்கம் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'சோடிம்' என்று இருந்தால் கழற்றி மாட்டும் ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் போர்டில் ஒட்டியது. 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரி, ரேம் ஒட்டிய மாடல்களில் தவறாகக் காட்டலாம். அதனால் அதை மட்டும் நம்பாமல் கம்பெனி வெப்சைட்டில் அந்த மாடலின் விவரப் பக்கத்தையும் செல்போனில் திறந்து ஒத்துப் பாருங்கள். சில மாடலில் 8 ஜிபி ஒட்டியிருக்கும், கூடவே ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும். வீட்டுக்கு வாங்குகிறவருக்கு நல்ல அமைப்பு அது.

2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க ரேம் விலை ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவது அதற்கு முக்கியக் காரணம். அதனால் 'அப்புறம் போட்டுக்கலாம்' என்பது முன்பு போல் மலிவான வழி இல்லை. இரண்டு மாடலுக்கு நடுவில் 8 ஜிபிக்கும் 16 ஜிபிக்கும் மூவாயிரம், நான்காயிரம்தான் வித்தியாசம் என்றால் இப்போதே 16 எடுத்துவிடுங்கள்.

படி 5: ஸ்டோரேஜ்

வேகமான ரகமான 'என்விஎம்இ எஸ்எஸ்டி' என்று இருக்க வேண்டும். மெதுவான மலிவு ரகமான 'இஎம்எம்சி' என்று இருந்தால் அந்த லேப்டாப்பைக் கீழே வைத்துவிடுங்கள். 64 ஜிபி, 128 ஜிபி இஎம்எம்சி மெஷினில் விண்டோஸ் அப்டேட் வந்தாலே இடம் திணறும், அதுவும் பல மாடலில் போர்டில் ஒட்டினது. 512 ஜிபி என்று வாங்கினால் விண்டோஸ் 476 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, கம்பெனியும் விண்டோஸும் ஜிபியைக் கணக்கிடும் முறை வேறு. 256 ஜிபி இருந்தாலும் வீட்டுக்குப் போதும், எஸ்எஸ்டியைப் பின்னால் மாற்றலாம். இங்கே மிச்சம் பிடித்ததைத் திரைக்குப் போடுங்கள்.

படி 6: திரையும் கீபோர்டும்

பிள்ளை தினமும் மணிக்கணக்கில் பார்க்கப் போவது இந்தத் திரையைத்தான். விவர அட்டையில் 1920-க்கு 1080 புள்ளிகள், ஐபிஎஸ், இந்த இரண்டும் இருக்க வேண்டும். 1366-க்கு 768 திரையில் எக்செல் ஷீட்டில் பாதி மறைந்துவிடும். மலிவான டிஎன் ரகத் திரையா என்று அட்டை சொல்லாவிட்டாலும் கண் சொல்லும். லேப்டாப்புக்கு நேராக நின்று ஒரு முகம் உள்ள படத்தைத் திறங்கள். பிறகு மெதுவாகத் திரையைப் பின்னால் சாயுங்கள். முகம் நெகட்டிவ் போல் கறுத்தால் டிஎன். ஐபிஎஸ் என்றால் எந்தக் கோணத்திலும் முகம் முகமாகவே இருக்கும். நான்கு பேர் சேர்ந்து பார்க்கும் வீட்டில் இந்த வித்தியாசம் தினமும் தெரியும்.

வெளிச்சம் 250 நிட்ஸ் என்பது இந்த விலையில் வழக்கம். ஜன்னல் ஓரம், திண்ணை, வாசல் என்று உட்காரும் வீடு என்றால் 300 கிடைக்குமா பாருங்கள். கண்ணாடி போல் பளபளக்கும் திரையைத் தவிருங்கள், ஆன்ட்டி கிளேர் நல்லது. '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்றால் நிறம் கொஞ்சம் வெளிறித் தெரியும். கணக்கு வேலைக்குப் பரவாயில்லை, படம் வரைகிற பிள்ளைக்குப் போதாது.

அளவு: மேஜை மேலேயே இருக்கப் போகிறது என்றால் 15.6 அங்குலம், பக்கத்தில் எண் பலகையும் வரும், கடைக் கணக்குக்கு அது வரம். மகள் தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குத் தூக்கிப் போகிறாள் என்றால் 14 அங்குலம், ஒன்றரைக் கிலோவுக்குள்.

கீபோர்டின் நடுவில் ஜி, ஹெச் எழுத்துகளுக்கு மேல் விரலால் அழுத்துங்கள். பலகை முழுவதும் குழிந்தால் உடல் மெலிது. மூடியை ஒரு மூலையில் மட்டும் பிடித்துத் திறந்து பாருங்கள். திரை முறுக்கிக்கொண்டு, கீலிலிருந்து 'கிரிச்' என்று சத்தம் வந்தால் இரண்டு வருஷத்தில் அந்தக் கீல் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வரும். மலிவு லேப்டாப்புகள் சர்வீஸுக்குப் போகும் பெரிய காரணங்களில் கீல் ஒன்று.

படி 7: வெயில், சூடு, பேட்டரி

இதைப் பொதுவான வழிகாட்டிகளில் பார்க்க முடியாது. ஆனால் சுற்றிலும் மொட்டைப் பாறை மலை சூழ்ந்த நம் ஊருக்கு இது தலையாய விஷயம்.

பெரும்பாலான லேப்டாப் கம்பெனிகள் தங்கள் மெஷின் ஓடுவதற்கு ஏற்ற சுற்றுப்புற வெப்பத்தின் மேல் எல்லையாக 35 டிகிரி செல்சியஸைக் குறிப்பிடுகின்றன. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் வெளியே 40-ஐத் தாண்டும். மேல்மாடி ஓட்டு வீட்டிலோ தகர ஷீட் போட்ட அறையிலோ மதியம் இரண்டு மணிக்கு உள்ளே என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சூடு ஏறினால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். சித்திரையில் லேப்டாப் 'ஹேங் ஆகுது' என்று கொண்டுவருபவர்களில் பலருக்கு உண்மையில் வைரஸ் இல்லை, சூடுதான்.

வாங்கும்போதே லேப்டாப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். காற்று இழுக்கும் துளைகள் அகலமாக இருக்கிறதா, ரப்பர் கால்கள் உயரமாக இருக்கிறதா, சூடு வெளியேறும் வாய் எங்கே? கீலுக்கும் திரைக்கும் நடுவில் வெளியேறும் மாடல்களில் மூடியைப் பாதி திறந்து வைத்தால் காற்று அடைபடும். பக்கவாட்டில் வெளியேறினால் மவுஸ் பிடிக்கும் கையில் அனல் அடிக்கும், ஆனால் மெஷினுக்கு நல்லது. ஃபேனே இல்லாத மாடல்களும் உண்டு. என்100 போன்ற குறைந்த சக்தி சிப்புக்கு அது சரிதான். தூசி உள்ளே போகாது, சத்தமும் இல்லை. வெயில் நேரத்தில் மட்டும் வேகம் குறையும்.

பேட்டரியை மணிக் கணக்கில் சொல்வதை நம்பாதீர்கள். 'வாட் அவர்' எத்தனை என்று கேளுங்கள். சாதாரண வேலையில் லேப்டாப் சராசரியாக 8 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 42 வாட் அவர் பேட்டரி ஐந்து மணி நேரம் வரும். வீடியோ கால் என்றால் இழுப்பு கூடும், நேரம் குறையும். இந்த விலையில் 40-க்குக் குறைந்தால் யோசியுங்கள், 50 கிடைத்தால் நல்லது. கரண்ட் போனால் வைஃபை பெட்டியும் நின்றுவிடும் என்பதையும் சேர்த்து நினையுங்கள். அதற்கு ஒரு சின்ன ரூட்டர் யூபிஎஸ் வாங்கினால் பேட்டரிக்கு உண்மையான பயன் வரும்.

லித்தியம் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: வெப்பம், எப்போதும் நூறு சதவீதத்தில் நிற்பது. நம் ஊரில் முதலாவதைத் தடுக்க முடியாது, இரண்டாவதைத் தடுக்கலாம். பெரும்பாலான கம்பெனிகளின் செட்டிங்கில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. லெனோவோவில் 'கன்சர்வேஷன் மோட்', ஆசுஸில் 'பேட்டரி கேர்' என்பது போல் பெயர்கள் இருக்கும். சார்ஜரைச் செருகியபடியே வேலை செய்யும் வீடு என்றால் முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். மெத்தை, தலையணை, பாய் மேல் வைத்து ஓட்டாதீர்கள், துளை அடைபடும். ஒரு பழைய பலகை போதும்.

சார்ஜர் மூன்று முள் பிளக் என்றால் எர்த் உள்ள பாயின்டிலேயே செருகுங்கள். எர்த் இல்லாத இடத்தில் உலோக உடல் லேப்டாப் விரலில் லேசாகச் சுறுசுறுக்கும்.

படி 8: விண்டோஸ், ஆபீஸ், தமிழ்

'டாஸ் லேப்டாப்' என்று இரண்டு மூன்று ஆயிரம் குறைத்துத் தருவார்கள். அதில் விண்டோஸ் இருக்காது. லினக்ஸ் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் நல்ல லாபம். இல்லையென்றால், 'நானே விண்டோஸ் போட்டுத் தரேன்' என்று கடைக்காரர் ஏற்றிக் கொடுப்பது திருட்டு விண்டோஸாக இருக்கும். அதைச் செயல்படுத்த ஓட்டும் சின்ன மென்பொருள் பின்வாசலைத் திறந்து வைக்கும். பாங்க் பாஸ்வேர்டு அடிக்கும் மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம். ஒரிஜினல் விண்டோஸ் 11 ஹோம் சேர்ந்த மாடலை வாங்குங்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆப்களை மட்டும் ஏற்க விடும் 'எஸ் மோட்' என்று இருந்தால் பயப்பட வேண்டாம், இலவசமாக வெளியே வரலாம். வந்த பிறகு திரும்பிப் போக முடியாது, அவ்வளவுதான்.

பல மாடல்களோடு ஆபீஸ் வருகிறது. அது வாழ்நாள் உரிமையா, ஒரு வருஷச் சந்தாவா என்று கேளுங்கள். இல்லாவிட்டாலும் லிப்ரே ஆபீஸ் இலவசம், பள்ளி வேலைக்குப் போதும். தமிழ் தட்டச்சுக்கு எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11-க்குள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் வந்துவிடும்.

படி 9: எங்கே வாங்குவது?

முதலில் சர்வீஸ். 632-இலோ 635-இலோ தொடங்கும் உங்கள் பின்கோடைக் கம்பெனியின் சர்வீஸ் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். சர்வீஸ் சென்டர் வேலூரிலேயே இருக்கிறதா, சென்னைக்குப் போக வேண்டுமா? காட்பாடியிலிருந்து சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர். ஒரு கீபோர்டு மாற்ற இரண்டு முறை போய் வந்தால் ஒரு நாள் கூலியும் ரயில் செலவும் போகும். 'ஆன்சைட் வாரன்டி' என்றால் ஆள் வீட்டுக்கு வருவார், 'கேரி-இன்' என்றால் நாம்தான் தூக்கிப் போக வேண்டும். ஒரே விலையில் இரண்டு மாடல் என்றால் ஆன்சைட் உள்ளதை எடுங்கள். பிராண்ட் பெயருக்கு நான் கொடுக்கும் மதிப்பு இந்த அளவுக்குத்தான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ பெங்களூரு எஸ்பி ரோட்டுக்கோ போனால் குறையும் என்று சொல்வார்கள். ரேம், எஸ்எஸ்டி, சார்ஜர் போன்ற உதிரிகளுக்குச் சரி. புது லேப்டாப்புக்கு அவ்வளவு தூரம் போவதில் பெரிய லாபம் இல்லை. ஆன்லைன் விலையைக் காட்டி உள்ளூர்க் கடையில் பேரம் பேசுங்கள். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கூடினாலும் உள்ளூரில் எடுப்பதையே நான் விரும்புவேன், பிரச்சினை என்றால் போய் நிற்க ஓர் ஆள் இருக்கிறார். ஆன்லைனில் எடுத்தால் பெட்டியைப் பிரிப்பதைத் தொடக்கத்திலிருந்து வெட்டாமல் வீடியோ எடுங்கள்.

ஆடித் தள்ளுபடி, ஆயுத பூஜை, தீபாவளி, ஆகஸ்ட் 15, குடியரசு தினம், இவையெல்லாம் விலை இறங்கும் நேரம். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்பதில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்தாலும், அந்த வட்டிக்கு பாங்க் 18 சதவீத ஜிஎஸ்டி போடும், ப்ராசஸிங் கட்டணமும் சேரும். மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று கூட்டிப் பாருங்கள்.

பில் விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 'பில் இல்லாம எடுத்தா ரெண்டாயிரம் கம்மி' என்றால் வாரன்டி போச்சு என்று அர்த்தம். கடை வேலைக்குப் பயன்படுத்துகிறீர்கள், ஜிஎஸ்டி எண் இருக்கிறது என்றால் பில்லில் உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள். 40,000 ரூபாய் பில்லில் 18 சதவீத வரி சுமார் 6,100 ரூபாய். அதை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாமா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். கடைக்காரர் வாரன்டிப்படி நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

படி 10: செகண்ட் ஹேண்ட்

பட்ஜெட் 20,000-த்துக்குள் என்றால், புது செலரானை விட, பெரிய கம்பெனிகள் பயன்படுத்திவிட்டுக் கழித்த ஆபீஸ் லேப்டாப் பல மடங்கு மேல். திங்க்பேட் டி480, லாட்டிட்யூட் 5490, எலைட்புக் 840 ஜி5 எல்லாம் 2018 வாக்கில் வந்தவை. நல்ல கீபோர்டு, உறுதியான கீல், இரண்டு ரேம் ஸ்லாட். எட்டாம் தலைமுறை இன்டெல்லிலிருந்துதான் விண்டோஸ் 11 முறையாக ஏறும். அதனால் ஐ5-8250யூ, ஐ5-8350யூ என்பது போல் '8'-இல் தொடங்குவதை எடுங்கள். ஐ5-7200யூ எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பார்க்க வேண்டியவை: விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸில் பாஸ்வேர்டு பூட்டு இல்லாமல் இருக்க வேண்டும், ஆன் செய்யும்போதே கம்பெனியைப் பொறுத்து எஃப்1, எஃப்2 அல்லது எஃப்10 அழுத்தி உள்ளே போய்ப் பாருங்கள். விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லி, 'டிசைன் கெப்பாசிட்டி'யையும் 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி'யையும் ஒப்பிடுங்கள். முக்கால் பங்குக்குக் கீழே இருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். காட்பாடி பக்கம் படிப்பு முடித்து ஊர் திரும்பும் மாணவர்கள் விற்பதில் நல்ல மெஷின்கள் கிடைக்கும். அசல் பில்லையும் அடையாள அட்டை நகலையும் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள்.

படி 11: கடையை விட்டு இறங்குவதற்கு முன்

பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணும் லேப்டாப் அடியில் இருக்கும் எண்ணும் பில்லில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டு வாரன்டி எந்தத் தேதியில் தொடங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஆறு மாதம் முன்பே தொடங்கியிருந்தால் அங்கேயே கேளுங்கள், பில்லைக் காட்டித் திருத்திக்கொள்ளலாம். சார்ஜரில் பிஐஎஸ் முத்திரை இருக்கிறதா பாருங்கள். திரையை முழு வெள்ளையாகவும் முழு கறுப்பாகவும் வைத்து நிறம் மாறாமல் நிற்கும் இறந்த புள்ளி தேடுங்கள். எல்லா யூஎஸ்பி துளையிலும் ஒரு பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். கேமரா, மைக், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரு சின்ன வீடியோ பதிவிலேயே சோதித்துவிடலாம்.

படி 12: முதல் செட்டப்பை நீங்களே செய்யுங்கள்

'நாங்களே செட் பண்ணித் தரோம்' என்று கடையில் அன்போடு சொல்வார்கள். சம்மதித்தால் பல இடத்தில் அவசரத்துக்குக் கடைப் பையனின் மெயில் ஐடியையே போட்டு விண்டோஸைத் திறந்துவிடுவார்கள். இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. இப்போதைய விண்டோஸ் 11, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க்கை மறைகுறியாக்கிப் பூட்டிவிடுகிறது. பூட்டைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண் அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படும். பின்னொரு நாள் மதர்போர்டு மாற்றினாலோ சில அப்டேட்டுக்குப் பிறகோ லேப்டாப் அந்த எண்ணைக் கேட்கும். எண் யாரோ ஒருவருடைய மெயிலில் இருந்தால், பிள்ளையின் ப்ராஜெக்ட், குடும்பப் போட்டோ, கடைக் கணக்கு எதையும் மீட்க வழியில்லை.

அதனால் பெட்டியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, உங்கள் மெயில் ஐடியில், உங்கள் செல்போன் எண்ணோடு கணக்குத் திறங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் நுழைந்து மீட்பு எண்ணைத் தேடி எடுத்து, தாளில் எழுதி, லேப்டாப் பில்லோடு சேர்த்து பீரோவில் வையுங்கள். பிள்ளைகளுக்குத் தனித்தனி யூசர் போட்டு, நிர்வாக உரிமையை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அப்டேட்டுகள் இறங்கி முடிய அன்று இரவு முழுக்க ஆகலாம், சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். மறுநாள் காலையிலிருந்து ஒரு வாரம் எல்லா வேலையையும் அதில் செய்து பாருங்கள். குறை ஏதாவது இருந்தால், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.